வெற்றிலைத் தட்டும் பி-53 புரதமும்

டயகம பஸாரில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடையின் வலது மூலையில், ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கூடை. பக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் பாக்கு, டின்னில் சுண்ணாம்பு, கயிற்றில் தொங்கும் புகையிலை. விடியற்காலைப் பனியில், பிரட்டுக்குப் போகிற அவசரத்தோடு தோட்டத்துப் பெண்கள் வந்து நிற்பார்கள். "நானா, வெத்தல குடுங்க, கொப்பில எழுதிக்கிங்க" என்பார்கள். வாப்பா எழுதிக்கொள்வார். சம்பளத்தன்று கணக்குத் தீரும். குளிருக்கும் பசிக்கும் அந்த ஒரு வாய் வெற்றிலை எவ்வளவு துணை என்பது மலையில் நிற்பவருக்குத்தான் தெரியும். கல்லாவில் இருந்த எங்களுக்கு அது வியாபாரம்.

நான் விஞ்ஞான ஆசிரியனாகி, பதினோராம் ஆண்டு வகுப்பில் கலப்பிரிவு படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசைப் பிள்ளையொன்று எழுந்து கேட்டது: "சேர், எங்க அம்மாயிக்கு வாயில கென்சர் வந்துச்சு. பக்கத்துக் காம்பரா பாட்டிக்கு வரல. ரெண்டு பேரும் ஒரே கடையில, ஒரே வெத்தலதான் வாங்கினாங்க. ஏன் சேர்?"

அந்த ஒரே கடை எங்கள் கடை. பிள்ளை அதைக் குத்திக் காட்டவில்லை. அதற்கு அந்த எண்ணமே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. "அது அவங்கவங்க நஸீப்" என்று ஏதோ சொல்லிவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகியும் அந்தப் பதில் உறுத்துகிறது. கேட்ட கேள்விக்கு விஞ்ஞானத்தில் நல்ல விடை இருக்கிறது. நான் படித்த காலத்துப் பாடநூலில் அது இருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் படிப்பித்த காலத்தில் தேடிப் பார்த்திருக்கலாம். பிந்தியாவது எழுதி வைக்கிறேன்.

மனித உடம்பில் ஏறத்தாழ 37 இலட்சம் கோடிக் கலங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் சில, மூளையின் நரம்புக் கலங்களைப் போல, பெரும்பாலும் பிரிவதே இல்லை. வாயின் உட்தோல் அப்படியல்ல. சூடு, காரம், பல்லின் உரசல் எல்லாம் படும் இடம் என்பதால் சில நாட்களில் இருந்து சில வாரங்களுக்குள் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அடியில் இருக்கும் கலங்கள் பிரிந்து பிரிந்து மேலே வருகின்றன, மேலே இருப்பவை உதிர்கின்றன. ஒவ்வொரு தடவை பிரியும்போதும், கருவினுள்ளே 46 நிறமூர்த்தங்களில் எழுதப்பட்டிருக்கும் 600 கோடி எழுத்துக்களையும் ஒன்று விடாமல் பிரதி எடுக்க வேண்டும். டீ.என்.ஏ. என்பது அந்த எழுத்துத்தான். இத்தனை எழுத்தைப் பிரதி பண்ணினால் பிழை வராமல் இருக்குமா? வருகிறது. வந்த பிழையைத் திருத்துவதற்கும் கலத்துக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். துருக்கியின் மார்தின் மாகாணத்தில் சவூர் என்ற சிற்றூரில் பிறந்த அஸீஸ் சன்ஜார் அந்தத் திருத்துநர்களில் ஒரு கூட்டம் எப்படி வேலை செய்கிறது, கெட்டுப்போன துண்டை எப்படி வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

திருத்துவதற்கு நேரம் வேண்டும். பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தினால் பிழையும் சேர்ந்து பிரதியாகிவிடும். ஆகவே யாராவது "கொஞ்சம் நில்" என்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைச் சொல்லுகிறவர்களைப் பற்றியது.

தேயிலைச் செடியைப் பாருங்கள். அது செடியே அல்ல, மரம். விட்டால் வீட்டுக்கூரைக்கு மேல் போகும். கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவுக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். கலமும் அப்படித்தான்: விட்டால் பிரிந்துகொண்டே போகும் இயல்பு அதற்கு உண்டு. ஆனால் கலத்தை நிறுத்தக் கவ்வாத்துக் கத்தியோடு வெளியிலிருந்து ஆள் வருவதில்லை. கத்தி கலத்துக்குள்ளேயே இருக்கிறது.

கலம் பிரிவதற்கு முன் பல கட்டங்களைக் கடக்கிறது. முதலில் வளர்ச்சி, பிறகு டீ.என்.ஏ. பிரதி, பிறகு சிறிது ஆயத்தம், கடைசியில் இரண்டாகப் பிளத்தல். வளர்ச்சிக்கும் பிரதிக்கும் நடுவில் ஒரு வாசல். தோட்டத்தில் காலைப் பிரட்டு நடக்கிறதே, அதுபோலத்தான். அங்கே கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பாமல் ஒருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. கலத்தின் இந்த வாசலில் நிற்கும் புரதத்துக்கு ஆர்.பி. என்று பெயர். பிரதி வேலையைத் தொடக்கி வைக்கும் ஈ2எஃப் என்ற புரதத்தை ஆர்.பி. கையோடு இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். வளரச் சொல்லி வெளியிலிருந்து தகவல் வந்தால், சீ.டீ.கே. என்ற நொதியங்கள் சைக்கிளின் என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து வந்து ஆர்.பி.யின் மேல் பொசுபேற்றுக்களை ஒட்டும். ஒட்ட ஒட்ட ஆர்.பி.யின் பிடி தளரும். ஈ2எஃப் விடுபடும். வாசல் திறந்துவிட்டது, இனி அந்தக் கலம் திரும்பி வராது, பிரிந்தே தீரும். இந்தச் சக்கரத்தை ஓட்டும் புரதங்களைக் கண்டுபிடித்த ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் என்ற மூவருக்கும் 2001இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஆர்.பி. என்ற பெயர் குழந்தைகளின் கண் விழித்திரையில் வரும் ஒரு புற்றுநோயில் இருந்து வந்தது. ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரியும் பிள்ளைகளைக் கண்டால் உடனே கண் டொக்டரிடம் கூட்டிப் போகச் சொல்வது இதனால்தான். 1971இல் அல்ஃபிரட் நுட்ஸன் என்ற அமெரிக்க வைத்தியர் இப்படிப்பட்ட 48 குழந்தைகளின் கோவைகளை எடுத்துவைத்து, எந்த வயதில் வந்தது, ஒரு கண்ணிலா இரு கண்ணிலா என்று மட்டும் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வருபவர்களுக்கு மிக இளவயதிலேயே வருகிறது. ஒரு கண்ணில் மட்டும் வருபவர்களுக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. இதில் இருந்து அவர் ஒரு கணக்குக்கு வந்தார். ஒவ்வொரு பரம்பரை அலகும் நமக்கு இரண்டு பிரதிகள்: உம்மாவிடம் இருந்து ஒன்று, வாப்பாவிடம் இருந்து ஒன்று. தடுக்கும் அலகு ஒன்று கெட்டால் மற்றது சமாளிக்கும். இரண்டும் கெட்டால்தான் தடை போகும். பிறக்கும்போதே ஒன்று கெட்டிருந்த பிள்ளைக்கு இன்னும் ஓர் அடி போதும். மற்றப் பிள்ளைக்கு ஒரே கலத்தில் இரண்டு அடி விழ வேண்டும். அதுவும் வெறும் கோவைகளை வைத்துக்கொண்டு, அந்த அலகை யாரும் கண்ணால் காண்பதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்பே! விஞ்ஞானம் என்றால் பெரிய இயந்திரம் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனிப் பி-53. இது 17ஆவது நிறமூர்த்தத்தில் எழுதப்பட்ட, 393 அமினோவமிலங்கள் கொண்ட ஒரு புரதம். பெயரைக் கேட்டால் பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது. நிறையைக் குறித்து வைத்த எண், அதுவும் சரியான நிறை அல்ல. புரதம் 1979இல் பல ஆய்வுகூடங்களில் ஒரே காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. புற்றுக் கலங்களில் அது நிறைய இருந்தது. ஆகவே இதுதான் புற்றை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டினார்கள். ஏறத்தாழப் பத்து வருடம் குற்றவாளிக் கூண்டில் நின்றது. 1989இல்தான் உண்மை வெளிவந்தது: அதுவரை ஆராய்ந்த பிரதிகள் பெரும்பாலும் கெட்டுப்போனவை; கெடாத பி-53ஐக் கலத்துக்குள் விட்டால் புற்றை வளர்க்காது, தடுக்கும். கொலை நடந்த இடத்தில் காவலாளியின் மையித் கிடந்ததைப் பார்த்து, அவனையே கொலைகாரன் என்று எழுதிய கதை. 1992இல் டேவிட் லேன், இவர் இதை முதலில் கண்டவர்களில் ஒருவர், பி-53க்கு "மரபணுத் தொகுதியின் காவலன்" என்று பட்டம் கொடுத்தார்.

காவலன் வேலை செய்யும் விதம்தான் எனக்கு வியப்பூட்டுவது. நோயில்லாத கலத்தில் பி-53 ஓயாமல் உற்பத்தியாகிறது. உற்பத்தியானவுடனேயே எம்.டி.எம்-2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. அதன் ஆயுள் ஏறத்தாழ இருபது நிமிடம். என்ன வீண் செலவு என்று தோன்றும். தண்ணீர்த் தொட்டியை நினையுங்கள். மேலே பைப் திறந்தே இருக்கிறது, கீழே துவாரமும் திறந்தே இருக்கிறது, தொட்டி காலி. அவசரம் என்றால் துவாரத்தை அடைத்தால் போதும், சில நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிடும். புதிதாகப் பைப் இழுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. டீ.என்.ஏ. இழை அறுந்தால் ஏ.டி.எம். என்ற நொதியம் (வங்கி வாசலில் நிற்பதல்ல) பி-53இன் மேல் ஒரு அடையாளம் வைக்கிறது. அடையாளம் வைத்த பி-53ஐ எம்.டி.எம்-2ஆல் பிடிக்க முடியாது. துவாரம் அடைபட்டது.

தொட்டி நிரம்பியதும் பி-53 டீ.என்.ஏ.யின் மேல் போய் அமர்ந்து பல அலகுகளை எழுப்புகிறது. அதில் ஒன்று பி-21. பி-21 போய்ச் சீ.டீ.கே.யின் கையைப் பிடிக்கும். சீ.டீ.கே. நின்றால் ஆர்.பி.யின் மேல் பொசுபேற்று ஏறாது. ஆர்.பி. பிடியை விடாது. ஈ2எஃப் வெளியேறாது. வாசல் மூடியே இருக்கும். அந்த இடைவெளியில் சன்ஜார் சொன்ன திருத்துநர்கள் வேலை செய்கிறார்கள். திருத்தம் முடிந்ததும் என்ன நடக்கிறது? பி-53 எழுப்பிய அலகுகளில் எம்.டி.எம்-2இன் அலகும் ஒன்று! தன்னைப் பிடித்துக் கொடுப்பவனைத் தானே கூப்பிட்டு வைக்கிறது. ஆபத்து தீர்ந்தவுடன் காவலும் தானாக அடங்கும். அடங்காவிட்டால் உடம்பில் எந்தக் கலமும் பிரியாது, காயம் ஆறாது.

சேதம் திருத்த முடியாத அளவுக்கு இருந்தால் பி-53 வேறு அலகுகளை எழுப்பும். கலம் தன்னைத்தானே மடித்துக் கொள்ளும். ஆங்கில நூல்கள் இதைத் தற்கொலை என்கின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பக்கத்துக் கலங்களுக்குச் சேதம் வராமல் துண்டு துண்டாக ஒடுங்கி, மற்றக் கலங்கள் அவற்றை எடுத்துக்கொள்ளும்படி ஒதுங்கிப் போவது அது. கடும் வெயில் பட்ட தோல் சில நாட்களில் உரிகிறதல்லவா? அதில் ஒரு பங்கு இப்படி ஒதுங்கிய கலங்கள்தான்.

இங்கே யானையைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் டயகமவுக்கு மேலே இருக்கும் ஹோட்டன் சமவெளியில் ஒரு காலத்தில் யானைகள் திரிந்தன. யானைக்கு மனிதனைவிடப் பல மடங்கு கலங்கள், நீண்ட ஆயுள். கணக்குப்படி அதற்குப் புற்றுநோய் நம்மைவிட அதிகம் வர வேண்டும். வருவதில்லை. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் யானையின் டீ.என்.ஏ.யைப் பார்த்தபோது, நமக்கு ஒரு பி-53 அலகு இருக்கும் இடத்தில் ஆபிரிக்க யானைக்கு இருபது இருந்தது. ஆசிய யானைக்குப் பதினைந்திலிருந்து இருபது வரை. கூடுதல் பிரதிகளில் பல முழுமையானவை அல்ல என்றாலும், யானையின் கலங்கள் சேதம் பட்டவுடன் நம் கலங்களைவிட விரைவாக ஒதுங்கிப் போகின்றன.

நமக்கு உள்ளது ஒரே அலகு, இரண்டு பிரதி. அதிலும் ஒரு சிக்கல். பி-53 தனியாக வேலை செய்வதில்லை. நான்கு மூலக்கூறுகள் சேர்ந்துதான் டீ.என்.ஏ.யைப் பிடிக்கின்றன. சந்தூக்கை நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்குவது போல. நாலில் ஒருவர் கால் தடுமாறினாலும் சந்தூக்கு ஆடும். இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் கெட்டு, கெட்டதும் நல்லதும் பாதிப் பாதியாக உற்பத்தியானால், நாலும் நல்லதாகச் சேர்வதற்கான வாய்ப்பு 16இல் 1 தான். மீதி 15இலும் குறைந்தது ஒரு தடுமாறும் ஆள் இருப்பான். நுட்ஸனின் இரண்டு அடிக் கணக்கு பி-53 விஷயத்தில் முதல் அடியிலேயே பாதி நிறைவேறிவிடுகிறது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி-53 கெட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது எங்கள் கடைக்கு வருகிறேன்.

இலங்கை ஆண்களிடையே வாய்ப் பகுதிப் புற்றுநோய் பல வருடங்களாகவே முன்வரிசையில் இருக்கிறது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாயைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பல் வைத்திய ஆய்வாளர்கள் பரிசோதித்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரியவர்தன, சிதீக், தில்கரட்ண, வர்ணகுலசூரிய முதலியோர் எழுதியது. வெற்றிலை மெல்லுதல்தான் பிரதான காரணி என்பது அதில் தெளிவாக வந்தது. அதற்கும் முன்னால், 1998இல், ஜப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து, இலங்கையில் வெற்றிலை மென்று வாய்ப் புற்று வந்தவர்களின் கட்டிகளை எடுத்துப் பி-53 அலகைப் படித்துப் பார்த்தார்கள். கணிசமான கட்டிகளில் அந்த எழுத்து மாறியிருந்தது. கொழுந்துக் கூடையோடு எங்கள் கடை வாசலில் நின்றவர்களுக்கும் 17ஆவது நிறமூர்த்தத்துக்கும் உள்ள தொடர்பு இப்படி எழுத்து மட்டத்தில் பதிவாகியிருக்கிறது.

எப்படி மாறுகிறது? பாக்கில் அரிக்கோலின் என்ற காரப்போலி உண்டு. உமிழ்நீரில் அதிலிருந்து நைட்ரோசமைன் வகைப் பொருட்கள் உண்டாகின்றன. சுண்ணாம்பு சேர்ந்து காரத்தன்மை ஏறும்போது, பாக்கின் பொலிபீனோல்கள் ஒட்சிசனோடு தாக்கம் புரிந்து, எதையும் கடிக்கும் ஒட்சிசன் துகள்களை வெளிவிடுகின்றன. இவை டீ.என்.ஏ. எழுத்தைக் கெடுக்கும். புகையிலை சேர்ந்தால் அதன் நைட்ரோசமைன்களும் கூடும். பாக்கின் சொரசொரப்பு தோலை உராய்ந்து காயப்படுத்துவதால், காயத்தை ஆற்றக் கலங்கள் இன்னும் வேகமாகப் பிரிய வேண்டியிருக்கிறது. வேகமாகப் பிரதி எடுக்க வேண்டிய நேரத்தில் எழுத்தும் கெடுகிறது, காவலும் கெடுகிறது.

எங்கள் உம்மும்மா "நாங்க பொயில போடுறல்லயே, வெறும் பாக்குத்தானே" என்று சொல்லிச் சொல்லியே மென்றார். நமது வீடுகளில் பெரும்பாலான மூத்த பெண்கள் சொல்லுவது இதுதான். நிக்காஹ் வீட்டு வெற்றிலைத் தட்டில் புகையிலை வைப்பதில்லை என்பதால் அது சுத்தம் என்ற எண்ணம். இந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் விஞ்ஞானமும் இடம் கொடுத்தது. லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைத்தான் புற்றுநோய்க் காரணி என்று உறுதியாகச் சொன்னது. 2004இல் வெளிவந்த அதன் 85ஆவது தொகுதியில்தான் புகையிலை இல்லாத வெற்றிலையும், ஏன், பாக்குத் தனியாகவுமே முதல் வகுப்புக் காரணிகள் என்று அறிவிக்கப்பட்டது. சிகரட் இருக்கும் அதே வகுப்பு. வாப்பா அப்போது மௌத்தாகி ஐந்து வருடம்.

பிள்ளையின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அம்மாயியும் பக்கத்துக் காம்பரா பாட்டியும் ஒரே வெற்றிலையைத்தான் மென்றார்கள். இரண்டு வாயிலும் கோடிக் கணக்கான தடவை எழுத்துக்கள் கெட்டன, பெரும்பாலானவை திருத்தப்பட்டன, திருத்த முடியாத கலங்கள் ஒதுங்கின. பாட்டியின் வாயில் திருத்தப்படாமல் எஞ்சிய பிழைகள் தீங்கில்லாத இடங்களில் விழுந்தன. அம்மாயியின் வாயில், என்றோ ஒரு நாள், ஒரு கலத்தில், பி-53 எழுதியிருக்கும் இடத்திலேயே விழுந்தது. கலம் அப்போதும் புற்றாகவில்லை. ஆனால் அடுத்த பிழை வரும்போது "நில்" என்று சொல்ல அதற்குள் ஆள் இல்லை. அடுத்தது, அடுத்தது என்று பல வருடங்களில் சேர்ந்தன. திருத்தும் நொதியங்களின் திறமை, மற்ற நோய்கள், உணவு, இவையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே நான் சொன்ன "நஸீப்" முழுப் பிழையல்ல. ஆனால் எத்தனை தடவை பகடை உருட்டப்பட்டது என்பது வெற்றிலையின் எண்ணிக்கையைப் பொறுத்தது, அது நஸீபின் கணக்கில் வராது. ஒரு நாளைக்கு எட்டு வாய் மெல்லுபவர் எட்டுத் தடவை உருட்டுகிறார். அந்தப் பாட்டியும் உருட்டினார். அவருக்கு விழவில்லை, அவ்வளவுதான். "அந்தக் கிழவி எண்பது வயசு வரைக்கும் போட்டாளே" என்று கடையில் இன்றைக்கும் சிலர் வாதாடுவது இதனால்தான் எடுபடாது.

அம்மாயிக்கு முதலில் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படை இருந்ததாம். வலிக்கவில்லை. வலிக்காததால் யாரிடமும் காட்டவில்லை. அந்த வெள்ளைப் படைதான், பிரட்டு வாசலில் ஒழுங்கு கெடத் தொடங்கியதன் வெளி அடையாளம். எல்லா வெள்ளைப் படையும் புற்றாவதில்லை; பெரும்பாலானவை ஆவதில்லை. எது ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். சிவப்புப் படை இன்னும் ஆபத்தானது. இரண்டு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணும் அப்படியே. கடைசியில் அவரைக் கூட்டிப் போன இடத்தில் பல் வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்களாம். மஹரகமவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கழுத்தில் நெறி கட்டிவிட்டது.

வாய்த் தோலில் இன்னொரு வகைக் கேடும் பாக்கால் வருகிறது. தோலுக்கு அடியில் நார் நாராக இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போகும். காரம் பட்டால் தீயாய் எரியும். இது இளம் பிள்ளைகளிடமும் இப்போது காணப்படுகிறது, பக்கெட்டில் வரும் பாக்குக் கலவைகளால். இறுகிய நார் பாக்கை விட்டாலும் முழுமையாக இளகுவதில்லை. இந்தத் தோலில் புற்று உண்டாகும் வாய்ப்பும் அதிகம். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: உங்கள் கையின் நடுவில் உள்ள மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். சாதாரணமாக நுழையும். நுழையாவிட்டால் பல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

அறுவைச் சிகிச்சை செய்து கட்டியை எடுத்தவர்களுக்குச் சில வருடங்களில் அதே வாயின் வேறு பக்கத்தில் இன்னொன்று வருவதுண்டு. "வெட்டினா பரவும்" என்று நம் ஊரில் சொல்லும் பேச்சு இதில் இருந்துதான் பிறந்திருக்க வேண்டும். கத்தி பரப்புவதில்லை. பி-53 கெட்ட கலம் பிரிந்து பிரிந்து, பார்வைக்கு நல்ல தோலாகவே ஒரு பரப்பை மூடிக்கொண்டு இருந்திருக்கும். வெட்டப்பட்டது அதில் முளைத்த ஒரு கட்டி. இந்த "வயல்" கருத்தை 1953இலேயே ஸ்லோட்டர் என்பவர் எழுதிவிட்டார். ஆகவே வெட்டிய பிறகும் கிளினிக்குக்குப் போக வேண்டும், வெற்றிலையை விடவும் வேண்டும்.

பி-53ஐக் கெடுக்க எழுத்தைத்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் எழுத்தைத் தொடுவதே இல்லை. அது கலத்துக்குள் புகுந்து ஈ6 என்ற புரதத்தால் பி-53ஐ அழிவுக்குப் பிடித்துக் கொடுக்கிறது. ஈ7 என்ற புரதத்தால் ஆர்.பி.யின் கையைத் திருகி ஈ2எஃப்ஐ விடுவிக்கிறது. வாசலில் நின்ற இருவரையும் ஒரே தடவையில்! இவ்வளவு சரியாக இவ்விருவரையும் தேர்ந்தெடுத்த வைரஸைப் பார்த்தால், தடைப் பாதையில் இவர்கள் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். இதற்கான தடுப்பூசி இலங்கையில் 2017இல் இருந்து ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது. நான் இருந்த ஒரு பாடசாலையில் சில பெற்றோர் கையொப்பம் இட மறுத்தார்கள்; "பிள்ளப் பேறு இல்லாமப் போகுமாம் சேர்" என்றார்கள். ஊசி வைரஸின் வெளி ஓட்டைத்தான் உடம்புக்கு அறிமுகம் செய்கிறது, அதில் ஈ6உம் இல்லை, ஈ7உம் இல்லை, கருப்பையோடு அதற்கு ஒரு வேலையும் இல்லை என்று படம் வரைந்து காட்டினேன். பாதிப்பேர் ஒப்பமிட்டார்கள். மீதிப்பேரை நினைத்து இன்னும் கவலைதான்.

மலையில் இருப்பவன் என்பதால் இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: "தேத்தண்ணி குடிச்சா கென்சர் வராதாமே?" தேயிலையில், குறிப்பாகப் பச்சைத் தேயிலையில், ஈ.ஜீ.சீ.ஜீ. என்று ஒரு பொருள் உண்டு. அது பி-53இன் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு எம்.டி.எம்-2 பிடிக்காமல் தடுக்கிறது என்று 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. அது ஆய்வுகூடத்துக் குழாயில் கண்டது. மனிதர் குடிக்கும் கோப்பை அதே வேலையைச் செய்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை. அதற்கு மாறாக, 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுக்கு இடமுண்டு என்று 2016இல் அதே லியோன் முகவரகம் எச்சரித்தது. பிளேன்டீயைக் கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். தேயிலை விற்பவர்கள் கோபிக்கக் கூடாது.

கெட்ட பி-53ஐ மீண்டும் நிமிர்த்தும் மருந்து வருமா? முயல்கிறார்கள். நல்ல பி-53 அலகை வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்தும் மருந்தொன்றைத் தலை, கழுத்துப் புற்றுக்காகச் சீனா 2003இல் அனுமதித்தது. மற்ற நாடுகள் அந்தச் சான்றில் திருப்திப்படவில்லை. நமக்கு எட்டும் வழி இன்னும் பழையதுதான்: சிறியதாக இருக்கும்போதே கண்டு வெட்டுவது. இப்னு ஸீனா அல்-கானூனில் ஸரதான் பற்றி எழுதியபோதும் தொடக்க நிலையையே வலியுறுத்தினார். ஸரதான் என்றால் நண்டு. கிரேக்கர் வைத்த பெயரின் அறபு வடிவம், கட்டியைச் சுற்றிய நரம்புகள் நண்டுக் கால் போலத் தெரிந்ததால். தமிழில் நாம் புற்று என்கிறோம். எனக்கு நம் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. கறையான் புற்று வெளியே தெரியும்போது உள்ளே வேலை நடந்து வெகு காலமாகியிருக்கும்.

கடையை இப்போது தம்பி நடத்துகிறான். வெற்றிலைக் கூடை அதே மூலையில்தான் இருக்கிறது. "நான் நிப்பாட்டினா அடுத்த கடைல வாங்குவாங்க, நானா" என்கிறான். அவனோடு வாதாடிக் களைத்துவிட்டேன். ஆனால் பின்னேரங்களில் நான் போய் உட்காரும்போது வெற்றிலை வாங்க வருபவர்களிடம் மூன்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்வதை அவன் தடுப்பதில்லை. சிரித்துக்கொண்டே வைத்துப் பார்க்கிறார்கள். போன மாதம் லொறியில் மரக்கறி ஏற்ற வந்த பையன் ஒருவன், முப்பது வயது இருக்காது, பாக்குப் பக்கெட் கேட்டான். அவனுக்கு இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. "எனக்கு எப்பவும் வாய் சின்னது சேர்" என்றான். காரம் எரியுமா என்று கேட்டேன். நாலைந்து மாதமாகச் சம்பலே தொடுவதில்லை என்றான். தம்பி பக்கெட்டைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கடன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கண்டி பெரியாஸ்பத்திரி வாய் கிளினிக் என்று எழுதிக் கொடுத்தான். பையன் போயிருக்கிறான். துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு அடுத்த வியாழக்கிழமை.